உள்பக்கம் தேய்ந்த டயர்

கார் உறுமுகிறது என்று முதலில் சொன்னவள் என் மனைவி. 2019 மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. புனேயில் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். "என்னங்க, பின்னாடி ஹெலிகாப்டர் மாதிரி ஒரு சத்தம் வருதே" என்றாள். "ஸ்போர்ட்ஸ் கார்னா அப்படித்தான் இருக்கும்" என்றேன். அதற்குப் பிறகு அவள் இரண்டு மாதம் அதைப் பற்றிப் பேசவில்லை. சத்தம் மட்டும் வாரத்துக்கு வாரம் வளர்ந்துகொண்டு வந்தது.

ஸ்போர்ட்ஸ் கார் என்பது என் அகராதிப்படி. ஆர்.சி. புத்தகத்தின்படி அது ஒரு நாலு கதவு செடான்தான். 2010 மாடல் ஹோண்டா சிவிக். எனக்கு முன் இரண்டு பேர் ஓட்டியிருந்தார்கள். 2006-இல் இந்தியாவுக்கு வந்த அந்த வடிவத்துக்கு இங்கே 1.8 லிட்டர் என்ஜின், சுமார் 130 குதிரைசக்தி. ஜப்பானில் அதே உடலுக்குள் வேறொரு என்ஜினை வைத்து 2007-இல் 'டைப் ஆர்' என்று விற்றார்கள். அதற்கு 225 குதிரைசக்தி. வெள்ளை நிறம், தரையோடு தரையாகப் பதுங்கி நிற்கும். அந்தப் படத்தைப் பல வருடம் என் ஆபீஸ் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தேன். அந்த என்ஜினை நம்மால் கொண்டுவர முடியாது. பதுங்கி நிற்பதையாவது கொண்டுவரலாமே என்று 2018 தீபாவளி போனஸ் கையில் வந்தபோது தோன்றியது. அப்போது எனக்கு 47 வயது. இந்த வயதில் சிலர் கர்நாடக சங்கீதம் கற்கத் தொடங்குவார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் போசரியில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்ப்பவன். கார்களுக்குப் போகும் ஷாஃப்டுகளை மைக்ரோமீட்டரால் அளந்து, ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் ஓரமாகத் தூக்கி வைப்பதுதான் 22 வருடமாக என் பிழைப்பு. என் சொந்தக் காரில் எதையும் நான் அளக்கவில்லை.

ஸ்பிரிங் மாற்ற ஒரு நாள்தான் ஆனது. நாலு சக்கரங்களிலும் பழைய ஸ்பிரிங்கைக் கழற்றி, 40 மில்லிமீட்டர் குட்டையானதைப் போட்டார்கள். கூடவே 17 அங்குல அலாய் வீல், அகலமான 215 டயர். "அலைன்மென்ட் பார்த்தாச்சா?" என்று கேட்டேன். "ஆச்சு சார்" என்றார் கடைக்காரர். வெளியே கொண்டுவந்து வெயிலில் நிறுத்தியபோது, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் இரண்டு விரல்தான் போகும். படத்தில் இருந்தது போலவே இருந்தது. நாலு பக்கமும் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன்.

பொய் சொல்லக் கூடாது, வண்டி ஓட்ட அருமையாக இருந்தது. முள்ஷி ஏரி ஓரமாகத் தாம்ஹிணி கணவாய்க்குப் போகும் சாலையில் வளைவுகளில் சாயவே சாயாது. ஸ்டியரிங்கை நினைத்தாலே திரும்பிவிடும் போலிருக்கும். ஊருக்குள்தான் கஷ்டம். எங்கள் குடியிருப்பு வாசலில் உள்ள வேகத்தடையில் அடி தட்டும். குறுக்காக ஏற்றி இறக்க வேண்டும், அப்போதும் ஆட்கள் இருந்தால் தட்டும். ஆகவே வாசலுக்கு முன்பே மனைவியும் மகளும் இறங்கி நடப்பார்கள், நான் காலி வண்டியைக் கோணலாக உள்ளே நுழைப்பேன். வாட்ச்மேன் தினமும் இந்தக் காட்சிக்காகக் காத்திருப்பார். 

சட்டப்படி இது சரியா என்று அன்று யோசிக்கவில்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரித்தவர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. செய்தித்தாளில் அதைப் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டியது நினைவிருக்கிறது.

சத்தத்துக்கு வருவோம். 60 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதும் பின்னாலிருந்து விட்டு விட்டு ஓர் உறுமல். மனைவியிடம் என்ன சொன்னாலும் எனக்கும் உள்ளுக்குள் உறுத்தல்தான். மெக்கானிக்கிடம் காட்டினேன். பின் சக்கர பேரிங் என்று சொல்லி மாற்றினார். சத்தம் போகவில்லை. கான்கிரீட் சாலையின் சத்தமாக இருக்கும் என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்துக் கொண்டேன். இன்னொரு சங்கதியும் இருந்தது. நேர் சாலையில் போகும்போது ஸ்டியரிங் லேசாக இடப்பக்கம் சாய்ந்து நிற்கும். ஓர் அலைன்மென்ட் கடைக்குப் போனேன். முன் சக்கரங்கள் இரண்டிலும் கருவியை மாட்டி, டை ராடைத் திருகி, கால் மணி நேரத்தில் ஸ்டியரிங்கை நேராக்கிக் கொடுத்தார்கள். பின் சக்கரங்களை யாரும் தொடவில்லை. நானும் கேட்கவில்லை. காய்ச்சல்காரனுக்கு நெற்றியில் ஐஸ் வைத்து, தெர்மாமீட்டரை நெற்றியிலேயே வைத்துப் பார்த்த கதை அது. சாய்ந்த ஸ்டியரிங்தான் அந்த வண்டி எனக்குக் காட்டிய ஒரே ஒரு வெளி அறிகுறி. அதையும் காசு கொடுத்து அழித்துவிட்டு வந்தேன்.

ஜூலை மாதம் மகளுக்கு அந்தேரியில் வேலைக்கான நேர்முகத் தேர்வு. காலை 11 மணிக்கு அங்கே இருக்க வேண்டும். மூவரும் அதிகாலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். நல்ல மழை. தேஹு ரோடு தாண்டினால் மும்பை எக்ஸ்பிரஸ்வே தொடங்கிவிடும். 2002-இல் முழுமையாகத் திறக்கப்பட்ட ஆறு வழிச் சாலை. சமதளத்தில் கார்களுக்கு 100 கிலோமீட்டர் வரை அனுமதி. எப்போதும் போல அதில் ஏறுவதற்கு முன் காற்று பார்க்கலாம் என்று ஒரு பஞ்சர் கடையில் நிறுத்தினேன். 

கடைக்காரர் கேரளத்துக்காரர், அறுபது வயதிருக்கும். நாங்கள் காருக்குள் தமிழ் பேசியதைக் கேட்டு, அவருக்குத் தெரிந்த தமிழில் பேசினார். முன் சக்கரம் இரண்டுக்கும் காற்று பிடித்தார். பின்னால் இடது சக்கரத்துக்கு வந்து குந்தி உட்கார்ந்தவர், பழக்க தோஷம், டயருக்கு உள்பக்கமாகக் கையை விட்டுத் தடவினார். சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். விரல் நுனியில் ரத்தம்.

"சாரே, இங்க வந்து பாருங்க" என்றார்.

மழையில் தரையில் படுத்துத்தான் பார்க்க முடிந்தது. அவர் டார்ச் அடித்தார். வெளிப்பக்கம் நின்று பார்த்தால் புது டயர். பட்டன் எல்லாம் ஐந்து மில்லிமீட்டர் ஆழத்துக்கு அப்படியே இருந்தது. நடுவிலும் பரவாயில்லை. உள் ஓரத்தில், இரண்டு விரல் அகலத்துக்கு, ரப்பரே இல்லை. மொட்டை என்றும் சொல்ல முடியாது. மொட்டையையும் தாண்டி, துணி கிழிந்து, உள்ளேயிருக்கும் எஃகுக் கம்பிகள் கோரைப்பாய் ஓரம் போலப் பிசிறிட்டு நின்றன. அதில் ஒன்றுதான் அவர் விரலைக் குத்தியிருந்தது. வலது டயரில் கம்பி தெரியவில்லை, தெரிய அதிக நாளும் இல்லை. நம் நாட்டு விதிப்படி காருக்குக் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் பட்டன் இருக்க வேண்டும். வாங்கி எட்டு மாதம் ஆன டயர், 9,000 கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது.

இடது பின் டயருக்கு மேலேதான் என் மகள் உட்கார்ந்து, மடியில் ஃபைலை வைத்துக்கொண்டு, சான்றிதழ்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

ஸ்டெப்னி ஒன்றுதான் இருந்தது, கெட்டுப்போன டயர் இரண்டு. ஆட்டோ பிடித்து மகளையும் மனைவியையும் நிகடிக்கு அனுப்பினேன். அங்கிருந்து சிவ்னேரி பஸ்ஸில் மும்பை போனார்கள். போகும்போது மனைவி என்னை ஒன்றும் சொல்லவில்லை. "அப்பா, நனையாதீங்க" என்று மகள்தான் சொன்னாள். நான் கடை வாசலில் ஒரு பழைய லாரி டயரின் மேல் உட்கார்ந்திருந்தேன். பெரியவர் டீ வாங்கிக் கொடுத்து, விரலில் துணி சுற்றிக்கொண்டு, "லோவர் செய்த வண்டி எல்லாம் இப்படித்தான் வரும் சாரே. வெளியே நின்னு பார்த்தா தெரியாது" என்றார்.

என் அப்பா நெல்லைப் பக்கம் கிராமத்தில் தபால்காரர். நடந்தே தேய்ந்தவர். அவருடைய செருப்பு எப்போதும் வலது காலில் வெளி ஓரக் குதிகால் பக்கம்தான் தேயும். டவுனில் செருப்பு தைப்பவர் அதைக் கையில் வாங்கிப் பார்த்து, ஆளைப் பார்க்காமலே, "சாய்ஞ்சு நடக்கறவுக செருப்பு" என்பார். டயரும் அப்படித்தான். அது எப்படி நடந்தது என்பது அதிலேயே எழுதியிருக்கும். நடு மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு. ஒரே ஓரம் தேய்ந்தால் சக்கரம் நேராக நிற்கவில்லை. இதெல்லாம் எனக்குத் தெரியாதது அல்ல. தெரிந்தவன் குனிந்து பார்க்கவில்லை என்பதுதான் விஷயம்.

சக்கரம் நேராக நிற்காமலிருப்பதில் இரண்டு வகை உண்டு. காரின் பின்னால் நின்று பார்க்கும்போது சக்கரத்தின் தலை உள்பக்கமோ வெளிப்பக்கமோ சாய்ந்திருப்பது கேம்பர். மேலேயிருந்து, காகம் பார்ப்பது போலப் பார்க்கும்போது, சக்கரத்தின் மூக்கு நேரே பார்க்காமல் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருப்பது டோ. நாம் நிற்கும்போது கால் விரல்களை உள்நோக்கியோ வெளிநோக்கியோ வைப்பது போல.

என் காரின் பின் சக்கரங்கள் இரட்டை விஷ்போன் என்ற அமைப்பில் நிற்பவை. மேலே ஒரு கை, கீழே ஒரு கை, நடுவில் சக்கரம். மேல் கை குட்டை, கீழ்க் கை நீளம். வளைவில் வண்டி ஒரு பக்கம் அமுங்கும்போது குட்டையான மேல் கை சக்கரத்தின் தலையை உள்ளே இழுக்கும். சாய்ந்த வண்டியிலும் டயர் சாலையோடு சமமாகப் பதிய வேண்டும் என்பதற்காக யோசித்துச் செய்த ஏற்பாடு. பந்தயக் கார்களிலும் இதே கணக்குதான். இப்போது குட்டை ஸ்பிரிங்கைப் போட்டு வண்டியை நிரந்தரமாகவே அமுக்கிவிட்டால் என்ன ஆகும்? அந்தக் கை ஒவ்வொரு நிமிடமும், நேர் சாலையிலும், சிக்னலில் நிற்கும்போதும், தலையை உள்ளே இழுத்தபடியே இருக்கும். வளைவில் சில நொடிகள் செய்ய வேண்டிய வேலையை நாள் முழுக்கச் செய்யும். எடையெல்லாம் உள் ஓரத்தில் இறங்கும். டயர் அகலமாக இருந்தால் இன்னும் மோசம்.

பிறகு பிம்ப்ரியில் ஒரு நல்ல கடையில் நாலு சக்கரங்களிலும் பிரதிபலிப்பான்களை மாட்டி, கேமராவால் அளந்தார்கள். அச்சடித்த தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. இடது பின் கேம்பர் மைனஸ் 2.8 டிகிரி, வலது மைனஸ் 2.4. கம்பெனி சொல்வதைவிட ஒரு டிகிரிக்கு மேல் அதிகம். அதைக் காட்டி, "இதுதானே டயரைத் தின்றது?" என்றேன். அந்த மெக்கானிக் தலையை ஆட்டினார். "கேம்பர் எந்த ஓரம் என்று காட்டும், அவ்வளவுதான் சாஹேப். தின்பது இது" என்று டோ எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்தார். இடது 0.8 டிகிரி, வலது 0.2. இரண்டும் சேர்ந்து ஒரு டிகிரி.

ஒரு டிகிரி என்ன பெரிய தப்பு? அன்றிரவு காகிதத்தில் கணக்குப் போட்டேன். இரண்டு சக்கரங்களும் ஒத்துப்போகாத ஒரு டிகிரியை வண்டி ஓடும்போது ஆளுக்கு அரை டிகிரியாகப் பங்கிட்டுக்கொள்ளும். அதனால்தான் வண்டி கொஞ்சம் நண்டு போலக் கோணலாகப் போகும், நேராக்க நாம் ஸ்டியரிங்கைச் சாய்த்துப் பிடிப்போம். அரை டிகிரி திரும்பிய டயர் ஒரு கிலோமீட்டர் உருளும்போது கிட்டத்தட்ட 8.7 மீட்டர் பக்கவாட்டில் இழுபடும். 9,000 கிலோமீட்டருக்கு 78 கிலோமீட்டர். அதாவது எங்கள் வீட்டிலிருந்து லோணாவளாவுக்கு மேலும் ஒரு டயரைக் கட்டி, பக்கவாட்டில், உள் ஓரத்தில் எடையை வைத்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போன மாதிரி. அந்த இழுப்பில் டயரின் பட்டன்கள் ஒழுங்காகத் தேயாமல் ரம்பப் பல் மாதிரி மேடும் பள்ளமுமாகத் தேயும். அந்தப் பல் சாலையில் மோதுவதுதான் ஹெலிகாப்டர் சத்தம். மனைவி காதில் விழுந்தது அது. மே மாதமே டயரின் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவிப் பார்த்திருந்தால், ஒரு பக்கம் வழுவழுப்பாகவும் திரும்பத் தடவினால் சொரசொரப்பாகவும் கைக்கே தெரிந்திருக்கும். காசு செலவில்லை.

அந்த மெக்கானிக் வேலை செய்த விதத்தையும் சொல்ல வேண்டும். கருவியைத் தொடுவதற்கு முன்பே அரை மணி நேரம் போய்விட்டது. நாலு டயரிலும் காற்றைச் சமமாக்கினார். சக்கரத்தைப் பிடித்து ஆட்டி பால் ஜாயின்ட், டை ராட் முனை, ஆர்ம் புஷ் எல்லாவற்றிலும் ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்தார். ஆடுகிற எலும்பை வைத்துக்கொண்டு அளவு எடுத்தால் அந்த அளவு அடுத்த பள்ளம் வரைதான். கணினியில் சரியான மாடலைத் தேர்ந்தெடுத்தார். பல கடைகளில் பட்டியலில் முதலில் வரும் ஏதோ ஒரு காரின் அளவை வைத்து ஒப்பிடுகிறார்களாம். பின் சக்கரங்களில் இருந்துதான் தொடங்கினார், முன் சக்கரம் கடைசியில். பின்னால் கோணலாக இருக்கும்போது முன்னால் நேராக்குவது சட்டைப் பித்தானை மேலேயிருந்து தப்பாகப் போட்டுக்கொண்டு வருவது போல என்றார். முடிவில் முன்பு, பின்பு என்று இரண்டு அளவுகளும் இருக்கும் தாளைக் கையில் கொடுத்தார். தாள் தராத கடையில் இப்போது நான் வண்டியை நிறுத்துவதில்லை. ஸ்பிரிங் போட்ட இடத்தில், 'ஆச்சு சார்' என்ற வாய்வார்த்தைதான் எனக்குக் கிடைத்த தாள்.

முதல் அளவைப் பார்த்ததும் அவர் இரண்டு வழி சொல்லியிருந்தார். அந்தக் காரில் பின் டோவைத் திருக போல்ட் இருக்கிறது, கேம்பரைத் திருக ஒன்றுமில்லை. நீளத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய மேல் கைகளை வரவழைத்து மாட்டினால் தாழ்வாகவே வைத்துக்கொள்ளலாம். டோ சரியாக இருந்தால் ஓரளவு கேம்பரை டயர் பொறுத்துக்கொள்ளும், ஆனால் மாதா மாதம் குனிந்து பார்க்க வேண்டும். இல்லையென்றால் பழைய ஸ்பிரிங். எனக்கு முதல் வழியில்தான் மனம் போயிற்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். டயரில் கம்பியைப் பார்த்துவிட்டு வந்த மனிதன், இரண்டு நாள் அந்தக் கைகளின் விலையை விசாரித்துக்கொண்டிருந்தான்.

மூன்றாம் நாள் மனைவியிடம், "பழைய ஸ்பிரிங்கைப் பழைய இரும்புக்குப் போடச் சொன்னேனே, எப்போ போட்டே?" என்று கேட்டேன். அவள் ஸ்டூலைப் போட்டு ஏறி, பரணிலிருந்து ஒவ்வொன்றாக நாலையும் இறக்கினாள். செய்தித்தாளில் சுற்றி, மேலே கயிறு கட்டி வைத்திருந்தாள். "போடலை" என்றாள். 

வண்டி மறுபடி உயரமாயிற்று. பின் கேம்பர் கம்பெனி அளவுக்குத் திரும்பியது. டோவை மெக்கானிக் சரி செய்தார். ஸ்பிரிங் படிந்து உட்கார்வதற்கு ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இன்னொரு முறை வரச் சொன்னார், போனேன். இரண்டு புது டயர், பேரிங்குக்கு அழுத காசு, அலைன்மென்ட் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் போனஸின் மிச்சமும் போய்விட்டது. தாம்ஹிணி வளைவுகளில் வண்டி இப்போது கொஞ்சம் சாய்கிறது. அதில் எனக்கு வருத்தம் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். மகளுக்கு அந்த வேலை கிடைக்கவில்லை. அதற்கும் டயருக்கும் சம்பந்தமில்லை, பஸ் பத்து மணிக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டது.

2022 டிசம்பரில் நாக்பூரிலிருந்து ஷிர்டி வரை சம்ருத்தி நெடுஞ்சாலையைத் திறந்தார்கள். விபத்துகள் தொடர்ந்து நடக்கவே, அடுத்த வருடம் போக்குவரத்து அதிகாரிகள் நுழைவாயிலிலேயே டயர்களைப் பார்த்து, தேய்ந்த டயரோடு வந்த வண்டிகளைத் திருப்பி அனுப்பினார்கள். நல்ல காரியம். ஆனால் அந்தச் செய்தியைப் படித்தபோது என் புத்தி வேறு பக்கம் போயிற்று. அன்றைக்கு அந்த அதிகாரி என் காரைச் சுற்றி வந்து பார்த்திருந்தால், ஐந்து மில்லிமீட்டர் பட்டனைப் பார்த்துவிட்டு, போகலாம் என்று கையைக் காட்டியிருப்பார்.

போன மாதம் மாடி வீட்டுப் பையன் வந்தான். கல்லூரி முடித்துவிட்டு வேலைக்குச் சேர்ந்திருக்கிறான், பழைய சிவிக் ஒன்று வாங்கியிருக்கிறான். "அங்கிள், உங்ககிட்ட லோயரிங் ஸ்பிரிங் இருக்குன்னு வாட்ச்மேன் சொன்னார். கொடுப்பீங்களா? என்ன விலைன்னாலும் பரவாயில்லை" என்றான். அவனைக் கீழே கூட்டிக்கொண்டு போய், அவனுடைய வண்டிக்குப் பின்னால் தரையில் படுக்கச் சொன்னேன். சட்டை அழுக்காகுமே என்று பார்த்தான். பிறகு படுத்தான். கையை உள்ளே விட்டுத் தடவச் சொன்னேன். அவன் வண்டி கம்பெனி உயரத்திலேயே இருந்தது, டயரும் நன்றாகவே இருந்தது. எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டு, "சரிதான் அங்கிள். ஸ்பிரிங்?" என்றான்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். பரணில் இருக்கிறது. மனைவி அதையும் செய்தித்தாளில் சுற்றிக் கயிறு கட்டித்தான் வைத்திருக்கிறாள்.